நூத்திப் பதினெட்டு, அப்பா

ஜன்னலக் கொஞ்சம் சாத்துறீங்களா தம்பி? குளிருக்கு இல்ல. இந்த ஃபிளக்சு காத்துக்குப் படபடன்னு அடிச்சுக்கிட்டே வருது. நல்லாத்தான் சுருட்டிக் கட்டிக் குடுத்தான், கயிறு அவுந்துபோச்சு. மடியில வச்சுக்கிறேன். ஒங்களுக்கு இடிச்சா சொல்லுங்க.

வத்தலகுண்டுக்கா? நானும் அங்கதான். நான் ஏறுன எடம் ஸ்டாப்பு கூட இல்ல, ஊத்துங்குற ஊருக்கு ரெண்டு வளைவு கீழ. நடுரோட்டுல கையக் காட்டி நிப்பாட்டி ஏத்திவிட்டாங்க. நீங்க பாத்திருப்பீங்களே, வெள்ளையா ஒரு வீடு மாதிரி, சக்கரம் வச்சு, ரோட்டோரத்துல நின்னுச்சே. முன்னாடி ஒரு கறுப்பு வண்டி கொக்கியில மாட்டி. அது எம்மகளுது.

இந்த டிரைவரைப் பாருங்க. மூணாவது கியர்ல போட்டு எறக்குறான், பெறகு பிரேக்கைப் போட்டு மிதிக்கிறான். ரெண்டாவதுல விட்டா வண்டி தன்னால நிதானமா எறங்கும். சொன்னா கோவிச்சுக்குவாங்க. இதே மலையில இருபத்தெட்டு வருசம் கவர்மெண்டு பஸ் ஓட்டுனவன் நான். தவசின்னு பேரு. அடிவாரத்துல காட்ரோட்டுல எந்த டீக்கடையில வேணாலும் கேட்டுப் பாருங்க. ரிட்டையர் ஆகி மூணு வருசம் ஆச்சு. அம்புட்டு வருசத்துல ஒரு நாளு கூட எங்கையில வண்டி பின்னாடி போனதில்ல. இன்னைக்குப் போச்சு.

என்னத்தச் சொல்ல. பழிய எந்தலையில கட்டி, பஸ்ல ஏத்தியும் விட்டுட்டாங்க.

மொதல்ல இருந்து சொல்றேன், நீங்களே சொல்லுங்க நியாயத்த. எனக்கு ஒரே மக, நாகஜோதி. ஏழு வருசத்துக்கு முன்னாடி எனக்குப் புடிக்காத எடத்துல கல்யாணம் பண்ணிக்கிட்டா. பிரிட்டோன்னு பேரு, வேதக்காரப் பையன், சர்ச்சுக்குப் போறவன். நான் ஒரு வார்த்த பேசல. பேசலன்னா, ஒரு வார்த்த பேசினேன்: எனக்கு மகளே கெடையாதுன்னேன். அதோட சரி. வீட்டம்மா மட்டும் எனக்குத் தெரியாம போன்ல பேசிக்கிட்டு இருந்தா. தெரியாமன்னு அவ நெனச்சுக்கிட்டு இருந்தா. அடுப்படிக்குள்ள போயி கதவச் சாத்திக்கிட்டா தெரியாதாக்கும்.

ரெண்டு வாரத்துக்கு முன்னாடி ஜோதியே எனக்குப் போன் போட்டா. "அப்பா, நாங்க ஒரு கேரவன் வாங்கிருக்கோம். மலை மேல எடம் புடிச்சு, வர்றவங்க தங்குற மாதிரி பண்ணப் போறோம். மேல கொண்டு போகணும். நீங்க வந்து ஓட்டித் தர்றீங்களா?" அப்படீன்னா. ஏழு வருசங் கழிச்சுக் கேக்குற கொரலு. ஒடனே சரின்னு சொல்லத் தோணுச்சு. ஆனா காட்டிக்கல. "யோசிச்சுச் சொல்றேன்"னேன். யோசிக்க என்ன இருக்கு, மறுநாளே வரேன்னு சொல்லிட்டேன்.

அவனுக்கு ஓட்டத் தெரியாதான்னு கேக்குறீங்களா? தெரியும். அந்தக் கறுப்பு வண்டியில பத்துத் தடவ இந்த மலை ஏறி எறங்கிருக்கானாம், இன்னைக்கு வாய் தவறிச் சொல்லிட்டான். அப்பறம் எதுக்கு என்னயக் கூப்புடணும்? அங்கதான் தம்பி இருக்கு விசயம். வண்டி இழுக்காதுன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. நாளைக்கு எதாச்சும் ஆனா, ஒங்கப்பன் ஓட்டித்தான் போச்சுன்னு சொல்லிக்கலாமில்ல.

நான் அப்பல்லாம் அப்படி நெனைக்கல. நான் போயி இந்த ஃபிளக்ச அடிச்சேன். "எங்கள் மகள் நாகஜோதி, மருமகன் பிரிட்டோ தொடங்கும் புதுத் தொழில் வாழ்க வளர்க. இப்படிக்கு பெ. தவசி, ஓட்டுநர், ஓய்வு." மேல அவுங்க ரெண்டு பேரு போட்டோ, கீழ நடுவுல என் போட்டோ, காக்கிச் சட்டையோட. கடைக்காரப் பையன், மருமகன்னு போடவா வேற என்னமும் போடவான்னு கேட்டான். மருமகன்னே போடுடான்னேன். ஏழு வருசமா வாயால சொல்லாத வார்த்தைய ஆறடி அகலத்துக்கு அச்சடிச்சேன் தம்பி. அவனுக்கு அது போதாதா?

இன்னைக்குக் காலையில ஏழு மணிக்கு வண்டி எங்க வீட்டு வாசலுக்கு வந்துச்சு. நான் ஃபிளக்ச எடுத்து வண்டி மூஞ்சியில வச்சுக் கட்டுனேன். கிரில்லு, பம்பர் எல்லாம் மறைச்சு, கீழ வரைக்கும். வீட்டம்மா எலுமிச்சம்பழம் கொண்டாந்தா. அவன் வேதக்காரனாச்சே, ஒப்புவானோன்னு, "சக்கரத்துல வைக்கவா"ன்னு கேட்டேன். "வைங்க மாமா"ன்னான். அதெல்லாம் நல்லாத்தான் பேசுவான்.

பெறகு எனக்குப் பாடம் எடுத்தான். அந்த வண்டியில கிளச்சு இல்ல. கியரும் நம்ம போட வேண்டியதில்ல, அதுவே மாத்திக்குமாம். உள்ள ஓடுற ஆயிலுதான் இழுக்குற வேலையப் பூராம் செய்யுதாம். பாரம் இழுத்து மலை ஏறுறப்ப அந்த ஆயிலு சூடாகும், நூத்திப் பத்தத் தாண்டக் கூடாது, தாண்டித் தாண்டிப் போனா உள்ள கருகிப் போகும்னான். அதுக்குன்னே முன்னாடி பம்பருக்குப் பின்னால ஒரு சின்ன வலை தனியா வச்சிருக்கானாம், ஆயிலு அது வழியா ஓடி, எதுத்தாப்புல வர்ற காத்துப் பட்டு ஆறுமாம். சூடு எம்புட்டுன்னு காட்ட ஒரு மீட்டரு. இதெல்லாம் எங்கிட்ட. நான் சொன்னேன், "நான் பாக்காத மலையா, நான் பாக்காத சூடா"ன்னு.

காட்ரோடு வரைக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு. எதுத்தாப்புல வர்ற பஸ் டிரைவருங்க பாதிப் பேரு என்கூட வேல பாத்தவங்க. ஃபிளக்சப் படிச்சுட்டு ஆரன் அடிச்சுட்டுப் போறாங்க. ஒருத்தன் பஸ்ஸ நிப்பாட்டி, "அண்ணே, மக வந்துருச்சா"ன்னு கேட்டான். வந்துருச்சுடான்னேன். எங் கண்ணுல தண்ணி வந்துருச்சு, கண்ணாடியத் தொடைக்கிற மாதிரி தொடைச்சுக்கிட்டேன்.

அங்க டீ குடிக்க நிப்பாட்டுனப்பதான் அவன் ஆரம்பிச்சான். "மாமா, இத எடுத்துப் பின்னாடி கேரவன்ல கட்டிருவோமா? அங்க எடம் பெருசா இருக்கும். இங்க முன்னாடி காத்து..."ன்னு இழுத்தான். எனக்குச் சுள்ளுன்னு ஆயிருச்சு. பின்னாடி கட்டுனா எவன் பாப்பான்? எதுக்க வர்றவன் பாக்கணும்னுதான முன்னாடி கட்டுனது. "ஏன், எம்பேரு முன்னாடி இருக்குறது ஒனக்கு உறுத்துதா? காத்துல ஒண்ணும் கிழியாது, கட்டுக்கம்பி போட்டு முறுக்கிருவேன்"னேன். சொன்னபடியே கம்பி வாங்கி, நாலு மூலையும் முறுக்கி, கீழயும் ரெண்டு கட்டு போட்டேன். ஒரு பொட்டுக் காத்து உள்ள பூராது, அப்படி. அதுக்கப்பறம் ஃபிளக்சப் பத்தி ஒரு வார்த்த அவன் வாயிலருந்து வரல.

மலை ஏற ஆரம்பிச்சோம். அவன் பின் சீட்டு, ஜோதி எம்பக்கத்துல. மீட்டர அவ கையில குடுத்துட்டான், அவ படிச்சுச் சொல்லணும். "தொண்ணூத்தஞ்சு, அப்பா." கொஞ்ச நேரத்துல, "நூத்தி நாலு, அப்பா." ஏழு வருசங் கழிச்சு எம்மக அப்பா அப்பான்னு கூப்புடுறா தம்பி, ஒவ்வொரு அப்பாவுக்கும் முன்னாடி ஒரு நம்பரு. வேற பேச்சே இல்ல. எனக்கு எம்புட்டுப் பேச இருந்துச்சு தெரியுமா? அவளுக்குக் கொழந்த கிழந்த பத்திக் கேக்கணும், அந்த ஊருல தண்ணி நல்லாருக்கான்னு கேக்கணும். வாயத் தொறந்தா, "நூத்திப் பன்னெண்டு, அப்பா."

காலு வேற. இருபத்தெட்டு வருசம் கிளச்ச மிதிச்ச எடது காலு. அது பாட்டுக்குத் தரையத் தேடுது, அங்க ஒண்ணும் இல்ல. பஸ்ஸுன்னா எனக்கு உள்ளங்காலுல தெரியும், வண்டி திணறுதா, மூச்சு வாங்குதான்னு. இதுல ஒண்ணும் தெரியல. கையிலயும் தெரியல, காலுலயும் தெரியல. எம்மக சொல்ற நம்பரு ஒண்ணுதான்.

என்ஜின் சூடு முள்ளு பாத்துக்கிட்டேதான் இருந்தேன், அது நடுவுல ஆடாம நிக்குது. அதுக்கு ஃபேனு இருக்குல்ல. என்ஜின் சூடாகல, அப்ப நான் ஓட்டுறதுல குத்தம் இல்லன்னுதான அர்த்தம்? அவன் வச்ச அந்த வெளங்காத வலையிலதான் குத்தம்.

டம்டம் பாறைகிட்ட வர்றப்ப, "நூத்திப் பதினெட்டு, அப்பா"ன்னா. ஓரங்கட்டுனேன். கட்டுன ஒடனே சாவியத் திருப்பி ஆஃப் பண்ணேன். அவன் பின்னாலருந்து, "மாமா, என்ஜின் ஓடட்டும், ஓடுனாத்தான் ஆயிலு சுத்தி வந்து ஆறும்"ங்குறான். ஓடி ஓடி இளைச்ச வண்டிய நிக்க விடாம எவனாச்சும் ஓட்டுவானா? "மூச்சு வாங்கட்டும்"னு சொல்லிட்டு எறங்கிட்டேன்.

அங்க ஒரு சங்கதி நடந்துச்சு. நான் அந்தப் பக்கம் சோளக்கருதுக்காரிகிட்ட நிக்கிறேன். அவுங்க ரெண்டு பேரும் வண்டிக்கு முன்னாடி நிக்கிறாங்க, ஃபிளக்சப் பாக்குறாங்க. ஜோதி மெதுவா, "நீங்க சொல்லுங்க, இல்ல நான் சொல்றேன்"ங்குறா. அவன், "விடு ஜோதி, இருக்கட்டும். மெதுவாப் போய்க்கலாம்"ங்குறான். எங்காதுல விழாதுன்னு நெனப்பு. என்னத்தச் சொல்ல வந்தாங்க? என்னயப் பத்தித்தான் எதோ. நான் ஓட்டுறது சரியில்லன்னு இருக்கும். சொல்லித் தொலைக்க வேண்டியதுதான மூஞ்சிக்கு நேரா. முதுகுக்குப் பின்னாடி என்ன குசுகுசு?

அதுலருந்து எனக்கு மனசு சரியில்ல. இருபது கிலோமீட்டர் வேகத்துலயே உருட்டச் சொன்னான், உருட்டுனேன். அப்பவும் ஏறுது. நூத்தி இருபத்திரெண்டு, நூத்தி இருபத்தாறு. ரெண்டு தடவ நின்னு நின்னு போனோம். ரெண்டு தடவயும் எறங்கி, வண்டியத் தொடாம, ஃபிளக்சுக் கம்பிய மட்டும் இழுத்து இறுக்கிட்டு ஏறுனேன். கருகுன பருப்பு வாசம் மாதிரி ஒண்ணு உள்ள வந்துச்சு. ஊத்துக்குக் கீழ அந்த ஏத்தமான வளைவுல திருப்புறேன், என்ஜின் கத்துது, வண்டி போகல. மிதிக்கிறேன், கத்துது. போகல. அப்பறம் மெதுவா பின்னாடி போக ஆரம்பிச்சுச்சு தம்பி.

அந்த வெள்ளை வீடு எங்கள இழுக்குது. நாங்க அத இழுத்த காலம் போயி, அது எங்கள இழுக்குது. பிரேக்க ரெண்டு காலாலயும் மிதிச்சேன். ஹாண்ட் பிரேக்கத் தூக்குனேன். ஒரு பக்கம் பள்ளம். எம்மக பக்கம். எனக்குக் கடவுளக் கூப்புடக் கூடத் தோணல. அவன் எப்பக் கதவத் தொறந்தான், எப்பக் குதிச்சான்னு தெரியாது. பாறாங்கல்லு ஒண்ணத் தூக்கியாந்து சக்கரத்துக்குப் பின்னாடி போட்டான். இன்னொண்ணு போட்டான். கையி நசுங்கிருச்சு, ரத்தம். வண்டி நின்னுருச்சு.

எறங்குனேன். பின்னாடி பத்து வண்டி நிக்கிது, ஆளுங்க எறங்கிப் பாக்குறாங்க. எனக்கு என்ன வந்துச்சுன்னு தெரியல. அத்தன பேருக்கு முன்னாடி அவனப் புடிச்சுக்கிட்டேன். "இழுக்க வக்கில்லாத வண்டிய வச்சுக்கிட்டு எம்மகள எதுக்குடா இந்த மலைக்கு இழுத்துட்டு வந்த? நீ குடும்பத்த இழுக்குற லட்சணமும் இதுதான"ன்னேன். சொல்லியிருக்கக் கூடாதுதான். சொல்லிட்டேன்.

அவன் என்ன சொன்னான் தெரியுமா? "தப்பு எம்மேலதான் மாமா. வண்டி பழசு. ஒங்களச் சொல்லிக் குத்தமில்ல." பாத்தீங்களா, அவனே ஒத்துக்கிட்டான். ஜோதி பாக்குறா என்னய. அழுகல, ஒண்ணுமில்ல. "அப்பா, பஸ் வருது. நீங்க கீழ போங்க"ன்னா. நாளைக்குக் காலையில மொத ஆளுங்க தங்க வர்றாங்க, மதுரையிலருந்து ஒரு குடும்பம். அந்தக் கேரவன் மேல கைய வச்சு நின்னுக்கிட்டு இருந்தா அவ. நான் நின்னு என்ன பண்ண? எதப் பண்ணத் தெரியும் எனக்கு அங்க?

அவன் அந்த ரத்தக் கையோட, குறடு வச்சு, நான் போட்ட கம்பியெல்லாம் ஒவ்வொண்ணாத் திருகி எடுத்தான். பையப் பைய, கிழியாம. துணி போட்டுத் தொடைச்சு, சுருட்டி, "பத்திரமா வச்சுக்கங்க மாமா, மேல போர்டு வைக்கிறப்ப இதத்தான் வாசல்ல கட்டணும்"னு குடுத்தான். எகத்தாளம். நான் வாங்கிக்கிட்டேன்.

பாக்குறீங்களா? இருங்க, விரிக்கிறேன். அந்தப் பக்கம் புடிங்க. நல்ல போட்டோ இல்ல? எம்மகளுக்கு அவ அம்மா சாடை. எழுத்த எம்புட்டுப் பெருசாப் போட்டிருக்கேன் பாருங்க.

இது என்ன கோடு?

என் மூஞ்சி மேல. கீழ பூராம் கோடு கோடா இருக்கு, சுருங்கிப் போயி. காலையில இல்லையே. ஃபிளக்சு அடிச்சவன் ஏமாத்திட்டான் போல, வெயிலு பட்ட ஒடனே இளகிருச்சு. என்ன தம்பி தடவித் தடவிப் பாக்குறீங்க? ஆமா, நீங்க என்ன சோலி பாக்குறீங்க, நான் கேக்கவே இல்ல. பிரிட்ஜு மெக்கானிக்கா. சரி.

பிரிட்ஜுக்குப் பின்னாடி இருக்குமே கம்பி வலை, தெரியும், எங்க வீட்டுலயும் இருக்கு. ஆமா, கையி வச்சா சுடும். அதுல துணி காயப்போட்டாளா? ஒங்களக் கூப்புட்ட வீட்டுல, ஒரு அம்மா? காத்துப் போகாம சூடு உள்ளயே நின்னு மிசினு எரிஞ்சு போச்சா. அந்தத் துணியில இப்படித்தான் கோடு இருந்துச்சா.

இல்ல தம்பி. அது வேற, இது வேற. என்ஜின் முள்ளு நடுவுலதான் நின்னுச்சு, நாந்தான் சொன்னேன்ல.

அந்த வலையா? அது பம்பருக்குப் பின்னால. கீழ. ஆமா, முன்னாடிதான். ஃபிளக்சும் முன்னாடிதான். கீழ வரைக்கும்தான் கட்டுனேன். ரெண்டு கட்டு சேத்துப் போட்டேன், கீழ.

காத்துன்னு சொல்ல வந்தான். "முன்னாடி காத்து"ன்னான். நான் கிழியுறதுக்குச் சொல்றான்னு நெனச்சேன்.

கொஞ்சம் இருங்க. எனக்குத் தண்ணி இருந்தா குடுங்க.

"விடு ஜோதி, இருக்கட்டும்"னான் தம்பி. அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. அவளுக்கும் தெரிஞ்சிருக்கு. ஒரு நிமிசம், குறட வச்சு ஆறு கம்பி, அம்புட்டுத்தான் வேல. நான் கோவிச்சுக்குவேன்னு விட்டுட்டான். நான் மொதத் தடவயா மருமகன்னு போட்டதக் கழட்டச் சொன்னா நான் என்ன நெனப்பேன்னு, வண்டி கருகுனாலும் கருகட்டும்னு விட்டுட்டான். பெறகு வண்டி பழசுன்னான். அத்தன பேருக்கு முன்னாடி.

பத்துத் தடவ ஓட்டுன ஆளு தம்பி அவரு. என்னய எதுக்குக் கூப்புட்டாங்க? ஓட்டுறதுக்கா கூப்புட்டாங்க?

பஸ்ஸ நிப்பாட்டச் சொல்லவா? நிப்பாட்டி என்ன பண்ண, மேல போயி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்க? போயி நின்னா கருகுனது சரியாகுமா? போனைக் குடுக்குறீங்களா, இல்ல, எங்கிட்டயே இருக்கு. அந்த ஜோதிங்குற பேர மட்டும் அமுக்கி விடுங்க. சிக்னலு ரெண்டு கோடு காட்டுதே, போகும்.

அலோ. ஜோதி. நாந்தான்மா. பஸ்லதான். இல்ல, ஒண்ணுமில்ல. சாப்புட்டீங்களா? இழுத்துட்டுப் போற வண்டிக்குச் சொல்லியாச்சா, சரி. அவரு கையி? கட்டுப் போட்டாச்சா. ஜோதி, அந்த மீட்டரு... இப்ப எம்புட்டு காட்டுது?

இருபத்தொம்போதாம் தம்பி. "இருபத்தொம்போது, அப்பா"ங்குறா. ஆறிப் போச்சு.

நீங்க கொஞ்சம் பேசுறீங்களா? பிரிட்ஜு மெக்கானிக்குன்னு சொல்லி, அந்தத் துணி விசயத்தச் சொல்லுங்க, ஒங்கப்பனுக்குத் தெரியலைம்மான்னு. இல்ல, வேண்டாம். அவுங்களுக்குத் தெரியும். காலையிலருந்தே தெரியும். மாப்ளைகிட்டக் குடும்மான்னு சொல்லணும், அந்த ஒரு வார்த்ததான். அச்சடிக்க வந்துச்சு, வாயில வர மாட்டேங்குது பாருங்க.

லைன்லதான் இருக்கா. அப்பாங்குறா. நம்பரு சொல்லல, வெறும் அப்பா மட்டும். இந்தாங்க, காதுல வச்சுக் கேளுங்க தம்பி, இன்னும் கூப்புட்டுக்கிட்டுத்தான் இருக்கா.